பவுசர் வரிசையும் ஊசி வரிசையும்

"எங்கட சனத்துக்கு விஞ்ஞானம் விளங்காது, வதந்தியைத்தான் நம்பும்." கொவிட் காலத்தில் இந்த வசனத்தைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. அதிகாரிகள் சொன்னார்கள், தொலைக்காட்சியில் வந்த நிபுணர்கள் சொன்னார்கள், முகநூலில் நாலு எழுத்துப் படித்தவர்களும் சொன்னார்கள். கேட்கச் சரி போலத்தான் இருக்கும். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று நிபுணர் குழு ஒன்று சொன்னபோது, சனம் நம்பவில்லை. வாளியையும் கானையும் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்றது. அதே சனம் 2021இல், உலகத்துக்கே புதிதாக இருந்த ஒரு தடுப்பூசிக்கு வெயிலில் வரிசையில் நின்றது. விஞ்ஞானம் விளங்காத சனம் என்றால் இரண்டாவது வரிசை எப்படி வந்தது? விளங்கிய சனம் என்றால் முதலாவது வரிசைக்கு என்ன காரணம்?

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரிசைகளைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் வந்த மூன்றாவது கதை ஒன்றும் இருக்கிறது. அதிலும் நிலத்தடி நீர்தான் வருகிறது.

சுன்னாகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணியில்தான். அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருக்கும். ஒரு இடத்தில் ஊற்றியது இன்னொரு இடத்தில் எட்டிப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றைப் பற்றி ஊரில் சொல்லப்படும் கதைகள் எல்லாம் இந்த நிலத்தின் தன்மையைச் சனம் தன் பாட்டில் விளங்கி வைத்திருந்ததற்கு அடையாளம். நிலத்துக்குக் கீழே எல்லாம் தொடுப்பு என்று எங்கட ஆட்களுக்கு எந்த நிபுணரும் வந்து சொல்லத் தேவையில்லை.

இதே நிலத்தின் மேல்தான் சுன்னாகம் மின் நிலையம் இருந்தது. போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையில் இருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் எரித்து எடுக்கும் மின்சாரம்தான் வழி. போர் முடியும் காலத்தை ஒட்டி நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் அங்கே மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இருட்டில் இருந்த ஊருக்கு வெளிச்சம் வந்ததில் எல்லோருக்கும் சந்தோசம்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

பிறகு கிணறுகளில் ஒயில் மிதக்கத் தொடங்கியது. வாளியில் படலம், தண்ணியில் மணம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை, மின் நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அதில் 109 கிணறுகளில் எண்ணெய், கிறீஸ் அளவு அனுமதிக்கப்பட்டதை விடக் கூடுதலாக இருந்தது. நூற்றுக்கு 73. கவனியுங்கள், இது வதந்தி இல்லை. அரசாங்கத்தின் சொந்தச் சபையே எடுத்த கணக்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் போராட்டங்கள் நடந்தன, மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது, மின் நிலையம் நிறுத்தப்பட்டது, ஊருக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. ஆனால் "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?" என்ற ஒரேயொரு கேள்விக்கு ஒரேயொரு மறுமொழி வரவில்லை. ஒரு சபை இருக்கு என்றது. வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான பெற்றோலியக் கூறுகள் தண்ணியில் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. நிறுவனமோ, பழி தன்னுடையது இல்லை, அந்த இடத்தில் முன்பு மின்சாரம் உற்பத்தி செய்தவர்களுடையது என்றது.

இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமான முடிவைத் தருவது விஞ்ஞானத்தில் புதினமான விசயம் இல்லை. எந்த மாதத்தில் தண்ணி எடுத்தார்கள், எந்த ஆழத்தில், எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். மாரிக்கு முன்னும் பின்னும் ஒரே கிணறு வேறு வேறு மாதிரி இருக்கும். "மொத்த எண்ணெய்" என்று தேடுவதும், அதற்குள் இருக்கும் குறிப்பிட்ட நச்சுக் கூறுகளைத் தேடுவதும் ஒரே பரிசோதனை இல்லை. ஆனால் இதை அந்தக் கிணற்றுக்காரருக்குத் தமிழில், அவருடைய முற்றத்தில் வைத்து, ஆறுதலாக விளங்கப்படுத்தும் ஆள் யார்? அப்படி ஒரு ஆள், அப்படி ஒரு பதவி, எங்கட நிர்வாகத்தில் இருக்கவில்லை. அறிக்கைகள் கூட்டங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. ஊருக்குச் செய்தித் தலைப்புகள்தான் வந்தன.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ஒருவர். நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு நிறுவனத்தின் கவனயீனம் காரணமாகியிருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்காக 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. அப்ப, நிபுணர் குழுவை நம்பாமல் பவுசருக்கு நின்ற சனத்தின் பயத்தில் நியாயம் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல எங்கட நாட்டுக்கு நாலு வருடத்துக்கு மேல் எடுத்தது.

திடீரென்று நிலத்தடி நீரில் அக்கறை

அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருடம் கூட முடியவில்லை, கொவிட் வந்தது. 2020 மார்ச் கடைசியில் சுகாதார அமைச்சு தன் வழிகாட்டலை மாற்றியது. கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும். ஏப்ரல் 11ஆம் திகதி அது வர்த்தமானியாகவும் வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. மற்ற நாடுகள் புதைத்துக்கொண்டுதான் இருந்தன. இங்கே சொல்லப்பட்ட காரணம், புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுன்னாகத்தில் 109 கிணறுகளில் ஒயில் இருந்ததற்குக் கணக்கு இருந்தது, நடவடிக்கை இழுபட்டது. புதைத்த உடலில் இருந்து வைரஸ் கிணற்றுக்கு வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் வர்த்தமானி உடனே வந்தது. முதலாவதில் எதிர்ப்பக்கம் ஒரு நிறுவனம். இரண்டாவதில் எதிர்ப்பக்கம் முஸ்லிம் சனம்.

276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. அந்த மாதம் முதலாம் திகதிதான் உயர் நீதிமன்றம், இந்த விதியை எதிர்த்த மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்திருந்தது. புதைப்பதை அனுமதிக்கலாம் என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமே சொன்னது. அப்பவும் உடனே மாறவில்லை. பெப்ரவரி 25ஆம் திகதிதான் வர்த்தமானி திருத்தப்பட்டது.

பிறகும் கதை முடியவில்லை. உடல்களைப் புதைக்க முதலில் தெரிவு செய்த இடம் இரணைதீவு. கடற்படை பிடித்து வைத்திருந்த அந்தத் தீவுக்கு, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல்தான் தமிழ் மீனவக் குடும்பங்கள் திரும்பியிருந்தன. அவர்கள் எதிர்த்தார்கள். ஒரு வருடமாக அரசாங்கமே "புதைத்தால் தண்ணி பழுதாகும்" என்று நாடு முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அந்த உடல்களை அவர்களுடைய சின்னத் தீவுக்கு அனுப்பினால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களுடைய பயம் அறிவில்லாத பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அரசாங்கம் உண்டாக்கிய பயம் அது. கடைசியில் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2021 மார்ச் 5ஆம் திகதியில் இருந்து அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு நல்ல விசயம். ஆனால் "நிபுணர் குழு சொன்னது" என்ற வசனத்துக்கு இந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு ஆய்வு முடிவைச் சொல்லும் வசனமாக இருந்தது, கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கும் வசனமாக மாறியது. அடுத்த முறை உண்மையாகவே நிபுணர் குழு உண்மையைச் சொல்லும்போது, அந்த வசனத்தில் பலம் இருக்காது.

இதே மாதங்களில்தான் பாணிக் கூத்தும் நடந்தது. கேகாலையில் ஒருவர், காளியம்மன் சொல்லித் தந்ததாகச் சொல்லித் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்றைக் கொவிட்டுக்கு மருந்து என்றார். 2020 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன் அதைக் குடித்தார். அதற்கு முதல் மாதம் அவர்தான் கொவிட்டை விரட்ட ஆற்றில் முட்டி போட்டவர். ஜனவரியில் அவருக்கே கொவிட் வந்தது. சனம் வதந்தியை நம்புது என்று குறை சொன்ன அமைச்சின் தலைமை இப்படித்தான் இருந்தது.

ஊசி

இந்த நிலையில் 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியாவில் இருந்து ஐந்து இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் வந்தன. அடுத்த நாளே போடத் தொடங்கினார்கள். பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. முதல் ஊசி போட்ட ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இரண்டாவது ஊசிக்கு மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். சீனாவின் சினோபார்ம் வந்தது. எங்கே யாருக்கு முதலில் என்பதில் குழப்பம். தான் கொடுத்த டோக்கனுக்குத்தான் ஊசி போட வேண்டும் என்று சுகாதார அதிகாரியுடன் பிரச்சினைப்பட்ட ஒரு மேயர் கைதானார். வெளிநாடு போக இருப்பவர்கள் "சினோபார்ம் சரிவராது, பைசர் வந்தால்தான் போடுவன்" என்று நின்றார்கள். இருபது வயதுக்காரருக்கு ஊசி வந்தபோது "பிள்ளை பிறக்காது" என்ற கதை வட்ஸ்அப்பில் ஓடியது.

இவ்வளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஊசித் திட்டம் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. 2021 மே கடைசியில் யாழ்ப்பாணத்தில் கிராம சேவகர் பிரிவு வாரியாக ஊசி போடத் தொடங்கினார்கள். சனம் வந்தது. அந்த வருடம் முடியும்போது நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டிருந்தது. எங்களை விடப் பணக்கார நாடுகள் சில இதைச் செய்யத் திண்டாடின.

சும்மா பயத்தில் வந்தார்கள் என்று சொல்லலாம். ஓகஸ்ட் மாதத்தில் மயானங்களில் உடல்கள் காத்திருந்ததை எல்லோரும் பார்த்தோம், அந்தப் பயமும் உண்மை. ஆனால் பயம் மட்டும் ஆளை ஊசிக்குக் கொண்டு வராது. பயம்தான் பாணிக்கும் கொண்டுபோனது. பயந்த சனம் ஏன் ஊசிப் பக்கம் திரும்பியது என்பதற்கு மறுமொழி 2021இல் இல்லை. அது இன்னும் பின்னால் இருக்கிறது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இண்டைக்கு நாங்கள் எம்.ஓ.எச். அலுவலகம் என்று சொல்லும் முறையின் தொடக்கம் அது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள். வீட்டுக்கு வந்து வயிற்றுப் பிள்ளையைப் பார்த்து, பிறந்த பிள்ளையை நிறுத்து, ஊசித் திகதியை எழுதிவிட்டுப் போகும் மிட்வைஃப் இந்த முறையால் வந்தவர். 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அதற்குப் பிறகும் போலியோச் சொட்டு மருந்து நாட்கள் நடந்தன. போர் நடந்துகொண்டிருந்தபோதே, அந்த நாட்களில் சண்டையை நிறுத்த இரண்டு தரப்பும் இணங்கின. எங்கட அம்மாமார் இரண்டு நிர்வாகத்தின் கீழும், இடம்பெயர்ந்த இடங்களிலும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போன தலைமுறை. அவர்கள் அரசாங்கத்தை நம்பிப் போகவில்லை. தெரிந்த ஆளை நம்பிப் போனார்கள்.

2008இல் நடந்ததையும் சொல்ல வேண்டும், எங்கட வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. அந்த வருடம் ஜனவரியில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஒரு ஊசியை நாடு அறிமுகப்படுத்தியது. ஊசி போட்ட பிறகு சில குழந்தைகள் இறந்ததாக அறிக்கை வந்தது. ஏப்ரல் கடைசியில் ஊசியை நிறுத்தினார்கள், பழைய ஊசிக்குத் திரும்பினார்கள். உலக சுகாதார நிறுவன நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மரணங்களுக்கு ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவு வந்து, 2010இல்தான் அது திரும்பத் தொடங்கியது. இரண்டு வருடம் எடுத்தது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, "விசர்க் கதை கதைக்காதேங்கோ" என்று மறுமொழி வரவில்லை. நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சுன்னாகத்தில் இல்லாமல் போனது இதுதான். ஊசிக்கு எண்பது, தொண்ணூறு வருடமாகக் கட்டிய ஒரு உறவு இருந்தது. கெட்ட அமைச்சர், டோக்கன் சண்டை, வட்ஸ்அப் கதை எல்லாவற்றையும் அந்த உறவு தாங்கியது. தண்ணிக்கு அப்படி ஒன்று இல்லை. கிணற்றில் ஒயில் வந்த பிறகுதான் முதன்முதலாக ஆட்கள் போத்தலோடு வந்தார்கள்.

அதற்காக ஊசியில் உள்ள நம்பிக்கையும் தீராத பொருள் இல்லை. இரண்டாவது ஊசியை ஒரு கோடி 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போட்டார்கள். மூன்றாவதை 80 இலட்சம் பேர் அளவில்தான். அதற்குள் நாடு எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது, அதுவும் ஒரு காரணம். ஆனாலும் இருந்ததை எடுத்துச் செலவழித்தோம், திரும்பச் சேர்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

எங்கட பக்கக் கேள்வி

இதை எல்லாம் எழுதி, "சனத்தின் சந்தேகம் எப்பவும் சரி" என்று முடித்தால் அது பொய். சந்தேகம் சிலவேளை வேண்டிய இடத்துக்குப் போகாது.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்துக்குப் போடும் பசளையும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டும் மலசலகூடக் குழியும் காரணம். சின்னக் குழந்தைகளுக்கு அது கூடாது. அதற்கு எதிராக ஒருவரும் நல்லூரில் உண்ணாவிரதம் இருக்கவில்லை. ஏனெண்டா ஒயிலுக்கு ஒரு எதிரி இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. நைத்திரேற்றுக்கு எதிரி எங்கட வளவுதான். அது மணக்கவும் மாட்டாது, படலமாக மிதக்கவும் மாட்டாது. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தில் எங்களுக்கு இருக்கும் சந்தேகம், தெரியாததில் இல்லை. அந்த இடத்தில்தான் எங்களுக்கு நிபுணர் தேவை, அந்த இடத்தில்தான் நிபுணரின் பேச்சுக்கு மதிப்பு மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த தொற்று வரும்போதோ அடுத்த கிணறு மணக்கும்போதோ சனத்துக்கு "விழிப்புணர்வு" கொடுப்பது போதாது. கேள்வி வருவதற்கு முதலே ஆள் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஊசி போட்ட திகதியும் நிறையும் எழுதிய கிளினிக் கொப்பி எங்கட எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கு. இடப்பெயர்விலும் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போன கொப்பி அது. அதே வீட்டுக் கிணற்றுக்கு ஒரு கொப்பி இல்லை. வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், ஒருவர் வந்து தண்ணி எடுத்து, ஒயில் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று தமிழில் எழுதிவிட்டுப் போகும் ஒரு கொப்பி. அதற்குப் பெரிய ஆய்வுகூடம் ஒவ்வொரு ஊரிலும் தேவையில்லை. பல்கலைக்கழகமும் பிரதேச சபையும் சேர்ந்தால் ஒரு கிராம சேவகர் பிரிவில் நாளைக்கே தொடங்கலாம்.

பத்து வருடம் எழுதிய கொப்பி ஒன்று கையில் இருந்தால், யாரோ ஒரு குழு வந்து "தண்ணி நல்லது" என்றோ "கூடாது" என்றோ சொல்லும்போது, வீட்டுக்காரர் அதை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். மறுமொழி சரியாக இருந்தால் நம்பவும் செய்வார்.